மறுமொழி: ஏழாம் வகுப்புக் குழந்தைகளுக்கு அமில-கார வகுப்பு

வணக்கம். துறைக் கருத்தரங்கில் பேசியதையே பள்ளியில் பேசியதாகவும், பிஎச் அளவுக்கு (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) மடக்கைச் (லாகரிதம்) சூத்திரம் எழுதியதும் குழந்தைகள் அமைதியாகிவிட்டதாகவும், சமையல் சோடாவில் மஞ்சள்தூள் பூசிய தாள் சரியாகச் சிவக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

தாள் சிவக்காததற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமி பிஎச் 7.4 வாக்கில் நிறம் மாறத் தொடங்கி, 8.6-ல்தான் முழுச் சிவப்பாகும். சமையல் சோடாக் கரைசலின் பிஎச் ஏறத்தாழ 8.3. அரைகுறையாகத்தான் நிற்கும். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் 12-ஐத் தாண்டும், அதை எடுங்கள்.

ஆரத்தித் தட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது அந்தக் குழந்தைகள் வீட்டு விசேஷங்களில் பார்த்ததுதான். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, சிவந்த தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் மஞ்சள் வட்டம் தோன்றி, கலக்கியதும் மறையும். சாறு போதுமான அளவு சேர்ந்ததும் தட்டு முழுக்க மஞ்சளாகிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் பேசாதீர்கள். "மறுபடி சிவப்பாக்க முடியுமா அக்கா?" என்று அவர்களே கேட்பார்கள். அதுதான் உங்கள் பாடம்.

மடக்கையைக் கல்லூரியிலேயே விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, எனவே அதை மட்டும் நீங்களே ஊற்றுங்கள். நேரமிருந்தால் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து எடுத்துப் போங்கள். எலுமிச்சை விட்டால் நீலம் ஊதாவாகும்.