குதிரையின் கால் காயங்கள்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: என் குதிரையின் பின்னங்காலில், முட்டிக்குக் கீழே, கம்பி வேலி கிழித்து மூன்று வாரங்கள் ஆகின்றன. காயம் ஆறாமல், சிவந்த சதை தோலுக்கு மேல் புடைத்து வளர்கிறது. தொட்டாலே இரத்தம் கசிகிறது. மயில்துத்தம் தூவினால் அடங்கும் என்கிறார்கள். தூவலாமா?

பதில்: தூவ வேண்டாம். மயில்துத்தம் புடைத்த சதையை அரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் காயத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கி நகர்ந்து வரும் புதுத் தோலையும் அது சேர்த்தே அரித்துவிடும்.

நீங்கள் காண்பது துர்மாமிசம். குழியை நிரப்ப உடல் தானே வளர்க்கும் சதை, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வளர்ந்துகொண்டே போவதால் உண்டாவது இது. முட்டிக்குக் கீழே தசை இல்லை. எலும்பு, தசைநாண், தோல் மட்டுமே உண்டு. அங்கே இரத்த ஓட்டம் குறைவு, ஒவ்வோர் அடியிலும் காயம் இழுபடுகிறது, மண்ணும் சாணமும் எளிதில் படுகின்றன. உடம்பில் ஏற்படும் காயம் சுருங்கியே பெருமளவு மூடிவிடும். காலில் அந்தச் சுருக்கம் குறைவு என்பதால் பெரும்பகுதியைப் புதுத் தோலே மூடியாக வேண்டும். அத்தோலோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான் நகரும். நான்கு சென்டிமீட்டர் அகலக் காயம் தோல் வளர்ச்சியால் மட்டும் மூடுவதென்றால் 200 நாள் பிடிக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். நடுவில் சதை மேடிட்டுவிட்டால் தோல் அதன்மேல் ஏற முடியாமல் நின்றுவிடும்.

கால்நடை மருத்துவர் இதைத் தோல் மட்டத்துக்குச் சீவிவிடுவார். இந்தச் சதையில் நரம்பு இல்லாததால் வலி இராது. இரத்தம் மட்டும் மிகுதியாக வரும் என்பதால் வீட்டில் முயலக் கூடாது. மீண்டும் வளர்ந்தால் மீண்டும் சீவ நேரிடும். உள்ளே எலும்புச் சில்லோ கம்பித் துண்டோ தங்கியிருக்கிறதா, இது சார்காய்டு என்னும் தோல்கட்டியா என்பதையும் அவர் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: காயம் பட்டவுடன் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவுகிறேன். நுரைத்து அழுக்கு வெளியேறுகிறது. சரிதானே?

பதில்: நுரை கண்ணுக்கு நிறைவாக இருக்கலாம், ஆனால் ஆறுவதற்கு வேண்டிய உயிரணுக்களையும் அது கொல்கிறது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, தாராளமாக ஊற்றிக் கழுவுங்கள். அவசரத்துக்குக் குழாய் நீரும் போதும். போவிடோன் அயோடின் சேர்ப்பதானால் வெளிறிய தேநீர் நிறத்துக்கு மேல் போக வேண்டாம்.

இரத்தம் பெருகினால் கழுவுவதை விட்டுவிட்டு, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் இடைவிடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. 500 கிலோ குதிரைக்குச் சுமார் 40 லிட்டர் இரத்தம் உண்டு. தரையில் தெரியும் இரத்தத்தைக் கண்டு பதற வேண்டியதில்லை. தையல் போட வேண்டிய காயமாகத் தோன்றினால் களிம்பும் பொடியும் தடவாமல் முதல் சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: குளம்புக்கு மேலுள்ள மூட்டருகே சிறு துளைதான்; ஆனால் குதிரை காலை ஊன்ற மறுக்கிறது. காத்திருக்கலாமா?

பதில்: ஒரு மணி நேரம்கூட வேண்டாம். மார்பில் கையளவு கிழிந்த தோலைவிட இந்தத் துளையே எனக்கு அச்சம் தருகிறது. மூட்டுக்குள்ளோ தசைநாண் உறைக்குள்ளோ கிருமி புகுந்திருந்தால், அதை உடனே கழுவி எடுக்காவிட்டால் குதிரை நிரந்தரமாக நொண்டியாகலாம், உயிரே போகலாம். மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான நீர் கசிந்தால் ஐயம் இன்னும் வலுக்கும். குளம்பின் அடியில் ஆணி ஏறியிருந்தால், மிதிக்கும்போது மேலும் ஆழமாக இறங்கும் நிலை இல்லாதவரை அதைப் பிடுங்காதீர்கள். அது எத்திசையில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டும்.

இரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய்க்குக் குதிரையைப் போல எளிதில் ஆட்படும் வளர்ப்பு விலங்கு வேறில்லை. இத்தகைய ஆழமான துளைகளில்தான் அக்கிருமி பெருகும். தடுப்பூசி போட்ட தேதி நினைவில்லை என்றால், போடவில்லை என்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.