இயற்கையான புரோஜெஸ்டிரோன் இருக்கும்போது செயற்கைப் புரோஜெஸ்டின்கள் எதற்கு? எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றல்ல. புரோஜெஸ்டிரோன் பெண்ணின் உடலே சுரக்கும் ஹார்மோன்; புரோஜெஸ்டின்கள் அதைப் போல வேலைசெய்ய ஆய்வகத்தில் உருவாக்கிய மருந்துகள். மருந்து வேதியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். 'எல்லாம் ஹார்மோன் மாத்திரைதானே' என்று சேர்த்துப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

புரோஜெஸ்டிரோனை விழுங்கினால் அது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். கருப்பைக்கு வந்து சேர்வது சொற்பம். சிதைவில் உண்டாகும் அலோபிரெக்னனோலோன் வேறு மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளில் வேலைசெய்து தூக்கத்தைக் கொண்டுவரும். நுண்துகளாக்கிய புரோஜெஸ்டிரோன் கேப்சூலைப் படுக்கப்போகும்போது போடச் சொல்வது இதனால்தான்.

அடுத்து நடந்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1938-ல் டெஸ்டோஸ்டிரோனின் 17ஆம் கார்பனில் எத்தினைல் என்ற, இரண்டு கார்பன் கொண்ட ஒரு தொகுதியைச் சேர்த்து எதிஸ்டிரோனைத் தயாரித்தார்கள். அந்தத் தொகுதி கல்லீரல் நொதிகளுக்குக் குறுக்கே நின்றது. விழுங்கினாலும் மருந்து தாக்குப்பிடித்தது. ஆனால் ஆண் ஹார்மோனிலிருந்து பிறந்த அது புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்தது! 1951-ல் மெக்சிகோ நகரின் சின்டெக்ஸ் ஆய்வகத்தில் மிராமோன்டஸ், ஜெராசி, ரோசன்கிரான்ஸ் மூவரும் அதே அமைப்பில் 19ஆம் கார்பன் இல்லாத மூலக்கூறை உருவாக்கினார்கள். அதுதான் நோரெதிஸ்டிரோன். ஒரே ஒரு கார்பன் போனதில் புரோஜெஸ்டிரோன் தன்மை பல மடங்கு கூடியது, ஆண்தன்மை குறைந்தது. குறைந்ததே தவிர அடியோடு போகவில்லை; சிலருக்கு முகப்பரு வருவது அந்த மிச்சத்தால்தான்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் இதே குடும்பம், வீரியம் இன்னும் அதிகம். மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் அசிடேட் புரோஜெஸ்டிரோனிலிருந்தே வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 150 மில்லிகிராம் கருத்தடை ஊசியாக நீண்டகாலம் எடுத்தால் எலும்பின் அடர்த்தி குறையக்கூடும். ட்ரோஸ்பைரினோனோ, சிறுநீரைக் கூட்டும் மருந்தான ஸ்பைரோனோலாக்டோனின் உறவு. உப்பையும் நீரையும் வெளியேற்றி, பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான வேலை என்றால், கருப்பை வாய்ச் சளியைக் கெட்டியாக்குவதும், ஈஸ்ட்ரோஜனால் வளரும் கருப்பை உட்சவ்வைக் கட்டுக்குள் வைப்பதும். போதிய அளவில் கொடுத்தால் கருமுட்டை வெளியாவதையும் தடுக்கும்.

சரி, புற்றுநோய் பயம்? 2002-ல் வெளியான அமெரிக்க மகளிர் நலத் திட்ட ஆய்வில் மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடியது, கர்ப்பிணிக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனோடு மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் சேர்த்து எடுத்த, மாதவிடாய் நின்ற பெண்களிடம். அதை அப்படியே எல்லாப் புரோஜெஸ்டின் மீதும் ஏற்றுவது சரியல்ல. மற்றவை ஆபத்தே இல்லாதவை என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த கூட்டுக் கருத்தடை மாத்திரைகளில் ரத்தக்கட்டு அபாயம்கூட ஒரே மாதிரி இல்லை: லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ளதைவிட டெசோஜெஸ்ட்ரல், ட்ரோஸ்பைரினோன் உள்ளவற்றில் அதிகம்.

அதனால் மருத்துவரிடம் 'ஹார்மோன் மாத்திரை போடுகிறேன்' என்பதோடு நிறுத்தாமல், அட்டையில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் காட்டுங்கள். முன்பு ரத்தக்கட்டு வந்திருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, பொட்டாசியத்தைக் கூட்டும் ரத்த அழுத்த மாத்திரை எடுத்தாலோ, அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.