கார் போர்ச்சில் வெல்டிங்: மின்னிணைப்புக் கேள்விகளுக்குப் பதில்கள்

சிங்கப்பூரில் தரைவீடுகளில் மின்வேலை செய்யும் உரிமம் பெற்ற மின்பணியாளர் என்ற முறையில், வீட்டு வெல்டிங் குறித்து வந்த கேள்விகளுக்கு விடை தருகிறேன்.

சிராங்கூன் கார்டன்ஸ் வாசகர்: ஐயா, 160 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரத்தை 13 ஆம்பியர் சாக்கெட்டில் செருகலாமா?

160 ஆம்பியர் என்பது பற்றவைக்கும் குச்சியான ராடின் முனையில், ஏறத்தாழ 26 வோல்ட்டில் கிடைக்கும் மின்னோட்டம். சுவரிலிருந்து 230 வோல்ட்டில் இயந்திரம் எடுப்பது அதைவிடக் குறைவு. அந்த அளவை இயந்திரத்தின் பின்புறத் தகட்டில் பாருங்கள். அங்கே உச்ச உள்ளீடு 32 ஆம்பியர் என்றும் டியூட்டி சைக்கிள் 20 விழுக்காடு என்றும் இருந்தால், பத்து நிமிடங்களில் இரண்டு நிமிடம் மட்டுமே முழு மின்னோட்டத்தில் பற்றவைக்கலாம் என்று பொருள். கேபிளைச் சூடாக்கும் அளவு அப்போது சுமார் 14 ஆம்பியர் ஆகிறது (வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் இது சாதாரணச் சராசரி அல்ல). 13 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அது அதிகம், செருகாதீர்கள். 2.5 மில்லிமீட்டர் ராடை 80 ஆம்பியரில் வைத்து வேலை செய்தாலே பல இயந்திரங்கள் 13 ஆம்பியரைத் தொட்டுவிடும்.

பிளக்கினுள் இருக்கும் ஃபியூஸ் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். வரம்பைச் சற்றே தாண்டும் மின்னோட்டத்தில் அது உடனே எரிவதில்லை, பிளக்தான் வேகிறது. ஒரு வீட்டில் கருகிய மீன் வாடை வருகிறது என்று அழைத்தார்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, ஃபியூஸ் இன்னும் முழுதாக இருக்க, அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது.

அதே வாசகர்: அப்படியானால் என்ன செய்வது?

வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியான டிபி பெட்டியிலிருந்து வெல்டிங்குக்கென்றே தனி இணைப்பு இழுக்க வேண்டும். மேலே சொன்ன இயந்திரத்துக்குப் பொதுவாக 32 ஆம்பியர் நீல நிறத் தொழிற்கூட சாக்கெட், 6 சதுர மில்லிமீட்டர் கேபிள், தொடக்க இழுப்பைத் தாங்கும் சி வகை எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) ஆகியவை பொருந்தும். ஆனால் கேபிள் செல்லும் தூரத்தையும், ஏர்கானும் வாட்டர் ஹீட்டரும் ஓடும்போது பிரதான சுவிட்ச் தாங்குமா என்பதையும் கணக்கிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவரே இதைச் செய்யலாம். பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டு எம்சிபியை மட்டும் பெரிதாக்குவது, கேபிளுக்கு இருந்த ஒரே காவலை நீக்குவதாகும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: வெல்டிங் தொடங்கியதும் ஆர்சிசிபி (மின்கசிவுக் காப்புச் சுவிட்ச்) விழுகிறது, அதாவது தானே அணைகிறது. அதைத் தாண்டி இணைத்துவிடலாம் என்கிறார் மச்சான்.

மச்சானைத் தடுத்துவிடுங்கள். எம்சிபி விழுந்தால் சுமை அதிகம் அல்லது ஷார்ட் சர்க்யூட். ஆர்சிசிபி விழுந்தால் மின்சாரம் எங்கோ கசிகிறது. ஈரம் ஏறிய இயந்திரமா, தோலுரிந்த கேபிளா, பழுதான வேறொரு சாதனமா என்று இன்சுலேஷன் சோதனை செய்து கண்டுபிடிக்க வேண்டும். 1985இலிருந்து புதிய வீடுகளுக்குக் கட்டாயமாக இருந்த ஆர்சிசிபி, 2023 ஜூலை 1 முதல் பழைய வீடுகளுக்கும் விதியாகியது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்தக் கருவி, வீட்டிலுள்ள அனைவரின் உயிருக்கும் காவல்.

செலித்தார் வாசகர்: கேட் வரை 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போடலாமா?

1.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 20 ஆம்பியர் ஓடினால், அந்தத் தூரத்தில் சுமார் 17 வோல்ட் இழப்பீர்கள். ராடு ஒட்டிக்கொண்டே இருக்கும். தடித்த கேபிளை வாங்கி, சுருளை முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

ஈசூன் வாசகர்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் செய்யலாமா?

வேண்டாம். அது அண்டை வீட்டாரும் நடக்கும் வழி. தீப்பொறி அங்கே விழக்கூடாது.

செலித்தார் வாசகர்: ராடைப் பிடிக்கும் ஹோல்டரிலிருந்து ஷாக் அடித்தாலும் ஆர்சிசிபி காப்பாற்றுமா அண்ணா?

காப்பாற்றாது தம்பி. வெளியீட்டுச் சுற்று வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அங்கே நடப்பது ஆர்சிசிபிக்குத் தெரியாது. ராடு தொடாதபோது முனையில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஊறிய கையுறைக்கு அது போதுமான ஆபத்து. உலர்ந்த மாற்றுக் கையுறை ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். மின்னோட்டம் இயந்திரத்துக்குத் திரும்பும் கவ்வியான எர்த் கிளாம்பைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில், பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள். அது சரியாகப் பிடிக்காவிட்டால், திரும்பும் மின்னோட்டம் கேட் மோட்டாரின் மெல்லிய எர்த் கம்பி வழியாகப் பாய்ந்து அதை எரித்துவிடக்கூடும். அதன் பிறகு மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், எர்த் மட்டும் இருக்காது.