ஆயராக விரும்பும் மகள்: கல்லூரிக்கு முன் சேகரத்தில் பேசுங்கள்

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. இறுதியாண்டு படிக்கிறாள். சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையில் ஆயராக, அதாவது சபைப் போதகராக, வேண்டும் என்று உறுதியாக நிற்கிறாள். பெண் பிள்ளைக்கு இதில் வழி உண்டா? கல்யாணம் தள்ளிப்போகுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, வழி உண்டு. பெண்களுக்கும் குருப்பட்டம் (ஆயராக்கும் பட்டம்) தரலாம் என்று தென்னிந்தியத் திருச்சபை 1970-இல் முடிவெடுத்தது. 1976-இல் முதல் பெண் குருப்பட்டம் பெற்றார். 2013-இல் எக்கோனி புஷ்பலலிதா நந்தியால் பேராயத்தின் (பல சேகரங்கள் அடங்கிய திருச்சபை வட்டாரம்) தலைவராக, பேராயரானார். சபைச் சட்டத்தில் தடை இல்லை. பல பெண்கள் சிக்கிக்கொள்வது வேறோர் இடத்தில்: ஆர்வத்தில் நேராக இறையியல் கல்லூரியில் சேர்ந்து, சொந்தச் செலவில் பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, அதன்பிறகு பேராயத்திடம் போய் நிற்கிறார்கள். குருப்பட்டம் கல்லூரி தருவது அல்ல, பேராயம் தருவது. பேராயம் அனுப்பாத மாணவியை ஏற்றுக்கொள்ள அதற்குக் கடமை கிடையாது.

ஆகவே முதல் படி உங்கள் சேகரத்து ஆயர் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள ஆலயம் அல்லது ஆலயங்களே சேகரம்). அவரும் சேகரக் கமிட்டியும் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். மகளின் ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்ற விவரம், திருவிருந்து (நற்கருணை) அங்கத்தினர் என்பதற்கான பதிவு மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். வேறு ஊர் ஆலயத்தில் ஞானஸ்நானம் ஆகியிருந்தால் பழைய பதிவேட்டைத் தேடி நகல் வாங்கவே வாரக்கணக்கில் ஆகும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே திருத்திக்கொள்ளுங்கள். ஓய்வுநாள் பள்ளியிலோ வாலிபர் ஐக்கியத்திலோ அவள் செய்த பணியும் கடிதத்தில் இருக்கட்டும். தேர்வுக் குழு கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் பிறக்கும். வயது வரம்பும் களப்பணிக் காலமும் பேராயத்துக்குப் பேராயம் மாறும். பேராய அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பி.எஸ்சி.யைப் பாதியில் விட அவள் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இறையியல் கல்லூரிகளை இணைத்துப் பட்டம் தரும் செராம்பூர் செனட்டின் பி.டி. படிப்பு பட்டதாரிகளுக்கு 4 ஆண்டு. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி ஆகியவை அந்த செனட்டின்கீழ் வருபவை. எபிரேயமோ கிரேக்கமோ ஒரு வேதமொழி படித்தாக வேண்டும். முதலாண்டில் பலர் தடுமாறுவது அதில்தான். ‘பி.டி.’ என்ற பெயரிலேயே பட்டம் தரும் வேதாகமக் கல்லூரிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. செனட் இணைப்பு உண்டா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். தபால் வழியில் படிக்கும் பி.சி.எஸ். (கிறிஸ்தவ இயல் இளநிலைப் பட்டம்) நல்ல படிப்பு, ஆனால் அது பி.டி.க்கு ஈடாகாது.

படிப்பு முடிந்ததும் டீக்கன் (உதவிக் குரு) பட்டம், சில காலம் கழித்து ஆயர் பட்டம். டீக்கன் திருவிருந்தில் உதவலாம், நடத்த முடியாது. கிராமச் சேகரம் என்றால் ஓர் ஆயரின் பொறுப்பில் பல ஆலயங்கள் இருக்கும். திருவிருந்துக்கு ஒவ்வோர் ஊருக்கும் முறைவைத்துப் போக வேண்டும், அதுவும் பேருந்து வராத ஞாயிறு விடியலில். இப்போதே இருசக்கர வாகன உரிமம் எடுக்கச் சொல்லுங்கள். திருமணப் பதிவேட்டு வேலையையும் யாராவது மூத்த ஆயரிடம் உட்கார்ந்து பழகட்டும். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பொதுவாகக் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் திருமணம் நடத்த வேண்டும். மணமக்கள், சாட்சிகள், நடத்திய ஆயர் எல்லோருடைய கையொப்பமும் சரியாக விழ வேண்டும். விருந்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்துவார்கள். கையொப்பம் முழுதாக விழாமல் பதிவேட்டை மூடக் கூடாது.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். பட்டம் பெற்ற பெண்களுக்குச் சில இடங்களில் சேகரம் தராமல் விடுதி, அலுவலகம், பெண்கள் ஐக்கியம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது நியாயமில்லை. அதனால் விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்: இந்தப் பேராயத்தில் பெண் ஆயர்கள் எத்தனை பேர், அவர்களில் சேகரப் பொறுப்பில் எத்தனை பேர்? அவர்களில் ஒருவரோடு மகள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துப் பார்க்கட்டும்.

குருப்பட்டம் தாமதமானாலும் படிப்பு வீணாகாது. பி.டி.க்குப் பிறகு எம்.டி.எச். (இறையியல் முதுநிலைப் பட்டம்) முடித்து இறையியல் கல்லூரியில் கற்பிக்கலாம். வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சந்திக்கும் சாப்ளின் பணி இருக்கிறது, அதற்கான பயிற்சியும் அங்கேயே உண்டு. மனநல ஆலோசனைப் பக்கமும் போகலாம்.

கல்யாணத்தைப் பொறுத்தவரை, சி.எஸ்.ஐ. ஆயர்கள் மணம் செய்துகொள்ளலாம், பெண் ஆயர்களும் அப்படியே. பார்க்க வேண்டியது இடமாற்றத்தை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேகரம் மாறும். மாப்பிள்ளை வேறு பேராயத்துக்காரர் என்றால், அவளுடைய பணியை அங்கே மாற்றுவதற்கு இரண்டு பேராயர்களின் சம்மதமும் வேண்டும். பெண் பார்க்க வருபவர்களிடம் இதை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்; நிச்சயத்துக்குப் பிறகு பேசினால் மகளின் பணிதான் முதலில் பலியாகும்.