பனி உருகி ஓடும் ஆல்ப்ஸ் ஆற்றுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எதற்கு?

ஆறு சுத்தமாகத்தானே ஓடுகிறது என்று கேட்கிறீர்கள். சுவிட்சர்லாந்தின் செர்மாட் என்ற மலையூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-இல் அங்கே குடிநீரில் சாக்கடை கலந்து டைபாய்டு பரவியது. 400-க்கும் மேற்பட்டோர் படுத்தார்கள், 3 பேர் இறந்தார்கள். நாடே அதிர்ந்துபோனது. அப்போது சுவிஸ் மக்களில் பெரும்பாலோரின் கழிவுநீர் நேரே ஆற்றுக்குத்தான் போனது. இன்று 97 சதவீதத்துக்கும் மேல் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது.

மலையூரின் உண்மையான சிக்கல் குளிர்காலம். பனிச்சறுக்குக்காகக் கூட்டம் குவிகிறது, கழிவுநீர் பல மடங்காகிறது. அதே நேரம் பனி உறைந்து கிடப்பதால் செர்மாட் வழியே ஓடும் மாட்டர்விஸ்பா ஆறு மெலிந்துவிடுகிறது. கோடையில் பாறைத்தூள் கலந்து சாம்பல் நிறத்தில் பொங்கும் அதே ஆறுதான்! அழுக்கை நீர்த்துப்போகச் செய்யத் தண்ணீரே இல்லாத காலத்தில்தான் அழுக்கு அதிகம். போதாக்குறைக்கு, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்கள் குளிரில் மந்தமாகிவிடும். அம்மோனியா மிஞ்சினால் மீனுக்கு நஞ்சு.

பள்ளத்தாக்கில் இடமும் இல்லை. அதனால் செர்மாட் தன் நிலையத்தை மலையைக் குடைந்து உள்ளே வைத்திருக்கிறது. கசடு தானாக அடியில் படியப் பெரிய தொட்டிகள் வேண்டும். அதற்குப் பதில் மெல்லிய சவ்வுகள் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள். சவ்வின் துளைகள் பாக்டீரியாவே நுழைய முடியாத அளவு நுண்ணியவை. செலவு அதிகம்தான், ஆனால் அவசியமான செலவு என்பேன்: இந்தத் தண்ணீர் ரோன் ஆற்றில் சேர்ந்து ஜெனீவா ஏரிக்குப் போகிறது, அதைக் குடிப்பவர்கள் லட்சக்கணக்கானோர்.