ஊர் முன்னேறினால் காற்று தானாகச் சுத்தமாகுமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா). மார்கழியில் சரியாகக் கஷ்டப்படுகிறா. பக்கத்து வளவில் குப்பை எரிக்க வேண்டாம் என்றால், 'முதலில் ஊர் முன்னேறட்டும், காற்று பிறகு தானாகச் சரிவரும், ரொறன்ரோவைப் பாருங்கோ' என்கிறார்கள். உண்மையா? அதுவரை நான் என்ன செய்ய?"

தானாகச் சரிவராது, தங்கச்சி. ரொறன்ரோவையே பார்ப்போம். 2005இல் ஒன்ராறியோ மாகாணத்தில் 53 நாள்கள் புகைமூட்ட எச்சரிக்கை விடுத்தார்கள். அப்போதும் அது வசதியான மாகாணம்தான். 2014இல் ஒரு நாள்கூட அந்த எச்சரிக்கை இல்லை. இடைப்பட்ட காலத்தில், மாகாணத்தின் மின்சாரத்தில் கால்பங்கு தந்த நிலக்கரி நிலையங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். எல்லைக்கு அப்பால் அமெரிக்காவிலும் கட்டுப்பாடுகள் இறுகின. ஒன்ராறியோ வைத்தியர்கள் நிலக்கரியை நிறுத்தச் சொல்லி வருடக்கணக்காகக் குரல் கொடுத்திருந்தார்கள்.

லண்டனும் அப்படித்தான். 1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைமூட்டத்தில் அங்கே ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். புகையைக் கட்டுப்படுத்த 1956இல் சட்டம் வந்தது.

வருமானம் கூடும்போது மாசு முதலில் ஏறி, பிறகு இறங்கும் என்று பொருளியலாளர் சிலர் சொல்வதுண்டு. கந்தகப் புகை போன்ற சிலவற்றில் அப்படி நடந்ததும் உண்மை. வடிகட்டி வாங்கவும் எரிபொருளை மாற்றவும் பணம் வேண்டும்தானே. ஆனால் மாற்று என்று யாராவது கட்டாயப்படுத்தினால்தான் அந்தப் பணம் அதற்குச் செலவாகும். அதற்குப் பணக்கார நாடாகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை: ஈயம் கலந்த பெற்றோலை இலங்கை 2002இலேயே நிறுத்திவிட்டது. அப்போது நாம் என்ன செல்வத்திலா இருந்தோம்?

மார்கழிப் பிரச்சினையில் ஒரு பகுதி நம் கையில் இல்லை. வாடைக்காற்று இந்தியாவின் வடக்கிலிருந்து நுண்தூசியைக் கொண்டுவரும். 2022 டிசம்பரில் அதனால் நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அப்படிப்பட்ட நாள்களில் இணையத்தில் காற்றுத்தரச் சுட்டெண்ணைப் பாருங்கள். 100ஐத் தாண்டினால் அம்மா வெளியில் அதிகம் திரியாமல் இருப்பது நல்லது. போகத்தான் வேண்டுமென்றால் என்95 முகக்கவசம் போடட்டும். துணி முகக்கவசம் நுண்தூசியை ஒழுங்காகத் தடுக்காது.

வெளியில் இருந்து வரும் தூசியின் மேல்தான் குப்பைப் புகையும் சேர்கிறது. பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வரும் புகை தொய்வுக்காரருக்கு மிகக் கெடுதி. ஈரச் சருகின் புகையும் லேசானதில்லை. சருகை வாழை, தென்னை அடியில் போடலாம். பொலித்தீனைச் சபையின் குப்பை வண்டிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் விறகு அடுப்பு இருந்தால் புகைக்கூடு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அம்மாவை அடுப்படியில் இருத்தாதீர்கள்.

சொல்லியும் அயலவர் கேட்காவிட்டால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு எரித்தார்கள் என்று குறித்துக் கொடுத்தால் அவருக்கு நடவடிக்கை எடுக்கச் சுலபம். அம்மாவின் இன்ஹேலர் அளவை மார்கழிக்கு மாற்ற வேண்டுமா என்று கார்த்திகையிலேயே வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.