டெஸ்டில் நான் ‘விஷுவல்’, ரிசல்ட்டில் அரியர்: கற்றல் பாணி பற்றிய கேள்வி பதில்

பார்த்து, கேட்டு என்று ஆளுக்கொரு ‘கற்றல் பாணி’ உண்டு, அதன்படி படித்தால் நன்றாக ஏறும் என்பார்கள். கல்வி உளவியல் பாடம் எடுப்பவள் என்பதால் அது பற்றிய கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். வந்ததில் சிலவற்றுக்குப் பதில்.

மேடம், ஆன்லைனில் வார்க் டெஸ்ட் எழுதினேன், ‘விஷுவல்’ என்று வந்தது. அதனால் யூடியூப் பார்த்தே படித்தேன். இரண்டு பேப்பர் அரியர். எங்கே தப்பு? (பொறியியல், இரண்டாம் ஆண்டு)

வார்க் (VARK) என்பது நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் உருவாக்கிய கற்றல் பாணிக் கேள்வித்தாள். பார்ப்பது, கேட்பது, வாசித்து எழுதுவது, செய்து பார்ப்பது என்று நான்கு வகை. உங்களுக்கு எது பிடிக்கும் என்றுதான் அது கேட்கிறது; எதில் நன்றாகக் கற்கிறீர்கள் என்று அளப்பதில்லை. இன்னொன்று, வார்க் கணக்கில் ‘விஷுவல்’ என்றால் வரைபடம், அம்புக்குறி, கட்டப்படம். வீடியோ அதில் சேராது! வீடியோவில் கணக்கை ஆசிரியர் போடுகிறார், நீங்கள் தலையாட்டுகிறீர்கள். பாதியில் நிறுத்திவிட்டு மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள், எங்கே சிக்குகிறது என்று தெரிந்துவிடும்.

பி.எட். பாடத்திட்டத்திலேயே கற்றல் பாணி இருக்கிறதே, அப்படியென்றால் அது பொய்யா? (விரிவுரையாளர்)

விருப்பம் ஆளுக்கு ஆள் மாறும், அது உண்மை. அந்த விருப்பத்துக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் மதிப்பெண் ஏறும் என்பதற்குத்தான் சான்று இல்லை. அதை நிரூபிக்க, வேறு வேறு பாணிக்காரர்களைக் கலந்து, குலுக்கல் முறையில் இரண்டு விதமாகக் கற்பித்து, ஒரே தேர்வு வைக்க வேண்டும். அவரவர் பாணியில் கற்றவர்கள் மட்டும் முந்த வேண்டும். 2008-இல் உளவியலாளர் பாஷ்லரின் குழு தேடியபோது இப்படி ஒழுங்காக நடத்திய ஆய்வுகளே மிகக் குறைவு. அவற்றிலும் சில இந்தக் கருத்துக்கு நேர் எதிராக இருந்தன. பிறகு இந்தியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படித்த 400-க்கும் மேற்பட்ட மாணவர்களை ஹஸ்மன், ஓலாஃப்லின் என்ற ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பெரும்பாலோர் தங்கள் பாணிப்படி படிக்கவே இல்லை. படித்தவர்களுக்கும் மதிப்பெண் கூடவில்லை.

எனக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் ஏறும். அனாடமிக்கு அதையும் விட்டுவிடணுமா மேடம்? (நர்சிங் மாணவி)

விட வேண்டாம்மா. வாய்விட்டுச் சொன்ன சொல் கொஞ்சம் கூடுதலாகவே நினைவில் நிற்கும், அது எல்லோருக்கும் பொது. ஆனால் எந்த வழி என்பதைப் பாடம் முடிவு செய்யட்டும். பிரேக்கியல் பிளெக்சஸை (கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) எத்தனை முறை ஒப்பித்தாலும் உருவம் வராது. புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் வரையுங்கள்: சி5 முதல் டி1 வரையான தண்டுவட நரம்புகளின் ஐந்து வேர், மூன்று தண்டு, ஆறு பிரிவு, மூன்று கயிறு, ஐந்து கிளை. விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் நிரப்புங்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வரையுங்கள்.

நாலு தடவை படித்தும் ஹாலில் மறந்துபோகிறது. (பி.காம்.)

திரும்பத் திரும்ப வாசித்தால் பழகிய முகம் மாதிரி தெரியும், பெயர்தான் வராது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் மறுபடி வாசித்தார்கள், மற்றவர்கள் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் வாசித்தவர்களுக்கு 81 சதவீதம், எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. முதல் நாள் ராத்திரி படித்ததை வைத்து ஓட்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மகன் பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கிறான். ஏன் என்றால் ‘நான் ஆடிட்டரி, காதால் கேட்டால்தான் ஏறும்’ என்கிறான். (ஒரு அம்மா)

கெட்டிக்காரன்! வரி உள்ள பாட்டு வாசிப்புக்கு இடைஞ்சல், யாராக இருந்தாலும்.

எனக்கு டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் சிரமம்). ஆடியோ கேட்டுப் படிப்பதும் வேண்டாத வேலையா?

இல்லவே இல்லை. அது பாணி அல்ல, உங்களுக்குத் தேவையான வசதி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே கற்றல் குறைபாடு இருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் வாங்க மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். ஹால் டிக்கெட் வரும்வரை காத்திருக்காமல், செமஸ்டர் தொடங்கியதுமே தேர்வுப் பிரிவில் மனுக் கொடுத்துவிடுங்கள்.